பழைய வண்டிக்கும் ஒரு பெரட்டு



தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என் தொழில். இன்று பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் பயன்படும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரை நாமே எவ்வாறு பராமரிப்பது, எந்தச் சிறு வேலைகளை நாமே செய்துகொள்ளலாம், எதில் நாம் கை வைக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பாடம்.

"பழைய கார்தானே, இதற்கொரு பேச்சா?" என்று பட்டணத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கோலக்கெட்டில் வட்டாரத் தோட்டங்களில் வாழ்கிறவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். பெரிய சாலையிலிருந்து லயத்துக்கு வருவதற்கே சில மைல் தூரம் செம்மண் பாதை. அந்தப் பாதையில் பேருந்து வராது. நள்ளிரவில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்துவிட்டால், சுங்கை பட்டாணியில் இருக்கும் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கு எப்படிப் போவது? லயத்தில் யாரோ ஒருவருடைய பழைய கார்தான் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பியதும் இஞ்சின் ஓடுமா, ஓடாதா என்பது, முந்திய ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியை யாராவது திறந்து பார்த்தார்களா என்பதைப் பொறுத்தது.

நம் வட்டாரத்தில் பழைய கார் என்றவுடன் நினைவுக்கு வருவது புரோட்டோன் சாகா. கெடா மாநிலத்தவரான அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது காலத்தில், 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அது அறிமுகமானது. ஜப்பானிய மிட்சுபிஷி லான்சர் வண்டியை அடிப்படையாகக் கொண்டு, 1.3 லிட்டர் இஞ்சினோடு வந்தது. அடுத்து நினைவுக்கு வருவது 1994ஆம் ஆண்டு வெளிவந்த பெரோடுவா கஞ்சில். மூன்று சிலிண்டர், 660 சி.சி. இஞ்சின், 2009ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இவ்விரண்டும் இன்றும் தோட்டப்புறங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. காரணம் எளிது. இவற்றில் கணினி வேலை குறைவு. மூடியைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும். கை நுழைய இடம் இருக்கும். உதிரிப் பாகங்களும் சிறு பட்டணங்களில் கிடைக்கும். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இவற்றைவிட நல்ல பாடப் புத்தகம் இல்லை.

நேயர்களே, தோட்ட வாழ்க்கையில் பெரட்டு என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவர் யார், வராதவர் யார் என்பது வேலை தொடங்குமுன்பே தெரிந்துவிடும். நம் வண்டிக்கும் வாரத்துக்கு ஒரு முறை அப்படி ஒரு பெரட்டு வைக்க வேண்டும். கூப்பிட வேண்டிய பெயர்கள் ஐந்துதான்: தண்ணீர், எண்ணெய், பேட்டரி, டயர், விளக்கு. கால் மணி நேரம் போதும். இஞ்சின் சூடேறுமுன், காலையில், வண்டியைச் சமதரையில் நிறுத்தி இதைச் செய்ய வேண்டும்.

முதலில் தண்ணீர். இஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் கடும் வெப்பத்தை ரேடியேட்டர் தண்ணீர்தான் வெளியே கொண்டுவருகிறது. பழைய கார்கள் சாகும் காரணங்களில் முதன்மையானது இந்தத் தண்ணீர் வற்றிப்போவதே. இஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறிச் சூடானால் அது வளைந்துவிடும். வளைந்தால் அதைக் கழற்றிச் சீவ வேண்டும். கேஸ்கெட் மாற்ற வேண்டும். அந்தச் செலவையும், ஒரு போத்தல் கூலண்ட் வாங்கும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அங்கே போய்விடும்.

"நம் நாட்டில் பனி பெய்வதில்லையே, கூலண்ட் எதற்கு? கிணற்றுத் தண்ணீர் போதாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. குளிர்நாட்டில் தண்ணீர் உறையாமல் இருக்கக் கூலண்ட் தேவை என்பது உண்மை. நமக்கு அது தேவைப்படுவது வேறு காரணத்துக்காக. கூலண்ட்டில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து கலந்திருக்கிறது. தண்ணீரின் கொதிநிலையையும் அது உயர்த்துகிறது. வெறும் கிணற்றுத் தண்ணீரில் இரும்பும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். கொதிகெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து வழியை அடைத்துவிடும். ஆகவே, போத்தலில் எழுதியிருக்கும் அளவுப்படி கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். சாதாரணப் பச்சைக் கூலண்ட் என்றால் இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது. கூலண்ட் இனிப்பாக இருக்கும். ஆனால் அது நஞ்சு. திறந்த பாத்திரத்தில் வைத்தால் நாய் குடிக்கும், விவரம் தெரியாத குழந்தையும் குடிக்கும். வடித்த கூலண்ட்டை உடனே மூடிப் பத்திரப்படுத்த வேண்டும்.

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். பிரஷர் குக்கரில் சோறு வைக்கும் தாய்மார்களுக்கு இதன் காரணம் நன்றாகத் தெரியும். மூடி அழுத்தம் கொடுப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். தண்ணீர் முழுவதும் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் பாயும். தைப்பூசக் கூட்டத்தில் பினாங்குப் பாலத்தின் மேல் ஊர்ந்து போகும்போது சூட்டு முள் ஏறினால், குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, ஆபத்தில்லாத இடத்தில் ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்துங்கள். குறைந்தது அரைமணி நேரம் பொறுங்கள். பொறுமையிழந்து கொதிக்கும் இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உலோகம் வெடித்துவிடக் கூடும். ஓடும்போது ஏறாத சூடு, வண்டி நிற்கும்போது மட்டும் ஏறினால், மின்விசிறி சுற்றவில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். முதலில் அதன் ஃபியூஸைப் பாருங்கள். இஞ்சின் நின்றபின்பும் சூட்டினால் அந்த விசிறி தானாகச் சுற்றத் தொடங்கலாம். விரலை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாவது எண்ணெய். இஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, அளவுக் கம்பியை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் எண்ணெய் இருக்க வேண்டும். குறைந்தாலும் கெடுதி, மேல்கோட்டைத் தாண்டினாலும் கெடுதி. சாதாரண மினரல் எண்ணெய் என்றால் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது நம் நாட்டு வழக்கம். அதிகம் ஓடாத வண்டியாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

எண்ணெய் மாற்றுவது நாமே செய்யக்கூடிய வேலை. வடிக்கும் போல்ட்டை முடுக்கும்போது மட்டும் நிதானம் தேவை. பால் வெட்டுகிறவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. கத்தி ஆழமாகப் போனால் பட்டையில் காயம் ஏற்பட்டு, அந்த இடத்தில் மீண்டும் ஒழுங்காகப் பட்டை வளர்வதில்லை அல்லவா? போல்ட்டும் அப்படித்தான். பலத்தைக் காட்டினால் மரை அழிந்துவிடும்; பிறகு எண்ணெய் ஒழுகுவதை நிறுத்துவது கடினம். அலுமினிய ஹெட்டில் ஏறும் ஸ்பார்க் பிளக்கில் இன்னும் கவனம் வேண்டும். முதலில் விரலாலேயே கடைசி வரை முடுக்கி, அதன்பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். அளவாக வெட்டத் தெரிந்த கைக்கு அளவாக முடுக்கவும் வரும்.

வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், வேலிக்காலிலும் ஊற்றாதீர்கள். சட்டப்படி அது அட்டவணையிடப்பட்ட கழிவு. ஒரு டின்னில் அடைத்துப் பட்டறைக்காரரிடம் கொடுத்தால், சேகரிக்கிறவர்களிடம் அவர் சேர்த்துவிடுவார். நாம் குடிக்கும் கிணறும் அதே மண்ணில்தான் இருக்கிறது.

மூன்றாவது பேட்டரி. அதன் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், மின்சாரம் போகும் வழி அடைபடுகிறது என்று பொருள். "பேட்டரி செத்துவிட்டது" என்று எண்ணிப் புதிது வாங்கும் பலருக்கு, இந்தப் பூப்பைச் சுத்தம் செய்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும். கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். வரிசை மாறினால் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மாவு சோடாவை வெந்நீரில் கலந்து, பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் சிறிது கிரீஸ் பூசுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் போய்விடக் கூடாது. உள்ளே இருப்பது கந்தக அமிலம். வெளியேறுவது எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு. ஆகவே வாயில் சிகரெட்டோடு பேட்டரிப் பக்கம் குனியவே கூடாது. தண்ணீர் குறைந்தால் பேட்டரித் தண்ணீர் என்று விற்கப்படும் வடிநீரைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள்.

நான்காவது டயர். இது நம் பொருள். நம் பாட்டனும் பாட்டியும் விடியற்காலையில் வெட்டிச் சேர்த்த பால்தான் உலகெங்கும் டயராக உருண்டது. செயற்கை ரப்பர் பெருகிவிட்ட இந்தக் காலத்திலும் டயருக்கு இயற்கை ரப்பர் தேவைப்படுகிறது. அந்த டயரைப் படிக்க நமக்குத் தெரியாமல் இருக்கலாமா? டயரின் பக்கச் சுவரில் நான்கு எண்கள் ஒரு சிறு வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்று இருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பழைய டயர் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் முதலில் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு ரப்பர் இறுகி வெடிப்பு விடும். கறுப்புச் சாயம் பூசினால் வெடிப்பு மறையுமே தவிரப் போகாது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயரில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். மழை நாளில் அது உயிருக்கே ஆபத்து. தேய்மானமும் ஒரு கதை சொல்லும். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் கோணம் சரியில்லை. சரியான காற்றளவு கைநூலில் இருக்கும். பல வண்டிகளில் ஓட்டுநர் கதவோரத்திலும் ஒட்டியிருப்பார்கள்.

ஐந்தாவது விளக்கு. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, மற்றவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகூட இந்த வேலையைச் செய்யும், ஆர்வத்தோடும் செய்யும்.

ரப்பரைப் பற்றி இன்னொரு செய்தி. நாம் வெட்டும் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பருக்குப் பெட்ரோலும் எண்ணெயும் பகை. அவற்றில் ஊறினால் அது உப்பிக் கூழாகிவிடும். அதனால்தான் பெட்ரோல் செல்லும் குழாய்களை எண்ணெய் தாங்கும் வேறு வகை ரப்பரில் செய்கிறார்கள். பெட்ரோல் குழாய் வெடித்திருந்தால், அவசரத்துக்குத் தோட்டத் தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டாதீர்கள். சில நாளில் அது உருகி ஒழுகி, சூடான இஞ்சின்மீது சொட்டித் தீப்பிடிக்கும். பெட்ரோலுக்கு என்றே விற்கப்படும் குழாயை வாங்குங்கள். பெட்ரோல் வாடை வந்தால், காரணம் தெரியும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள். அதேபோல், பிரேக் எண்ணெய்க் கலத்தில் இஞ்சின் எண்ணெயை ஒரு துளிகூட ஊற்றக் கூடாது. பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிப்போய், மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும், அல்லது பிடிக்காமலே போகும்.

இனி நாம் கை வைக்கக் கூடாத வேலைகளுக்கு வருவோம். பிரேக்கைக் கழற்றுவது அவற்றுள் முதலாவது. பிரேக் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் நாம் பார்க்கலாம். அளவு குறைந்திருந்தால் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. இரண்டுக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 என்னும் வகை, புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கக் கூடும். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையிலிருந்து குரூண் பக்கம் இறங்கும் ஒருவர், வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் சூடேறிப் பழைய எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். அதன்பின் மிதித்தால் கால் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆகையால் மலை இறங்கும்போது கியரைக் குறைத்து, இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு ஓட்ட வேண்டும். பிரேக் எண்ணெயை இரண்டாண்டுக்கு ஒரு முறை பட்டறையில் மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது டைமிங் பெல்ட். சாகாவிலும் கஞ்சிலிலும் இஞ்சினுக்குள் ஓடும் பல் வைத்த ரப்பர் பட்டை அது. அது அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். இஞ்சினின் அமைப்பைப் பொறுத்து வால்வுகளும் வளைந்துபோகக் கூடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சத்தம் போட்டு எச்சரிக்கவும் செய்யாது. பழைய வண்டியை வாங்கியவர், அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால், உடனே நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிவிடுவதே சிக்கனம்.

மூன்றாவது, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது. இதைச் செய்யவே கூடாது. டயர் மாற்ற ஜாக்கி போதும். அடியில் படுக்க இரும்புத் தாங்கிகள் வேண்டும். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுக்கிறார்களே, பாரம் ஏறினால் செங்கல் எச்சரிக்கையின்றி நொறுங்கிவிடும். மழை பெய்த செம்மண்ணில் ஜாக்கியின் கால் புதையும். அதன் கீழே தடித்த பலகை ஒன்றைப் போடுங்கள். தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தாங்கி இல்லை என்றால் அடியில் செய்யும் வேலையை விட்டுவிடுங்கள். வீட்டில் உழைக்கிறவர் ஒருவரை இழப்பதைவிடப் பட்டறைக்குக் கொடுக்கும் கூலி பெரிதன்று.

வண்டி தன் நோயைப் புகையின் நிறத்தால் சொல்லும். நீலப் புகை வந்தால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. கார்புரேட்டரையும் காற்று வடிகட்டியையும் பார்க்க வேண்டும். இஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்தால், தண்ணீர் எரிகிறது. அப்போது எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக் கூடாது. இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

நேயர்களே, கெடாவில் ஆண்டுத் தொடக்கத்தில் வறட்சி வரும்; ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். பால் குறையும், அதோடு சம்பளமும் குறையும். பள்ளி, பண்டிகைச் செலவுகளும் அந்த மாதங்களை ஒட்டி வருவதுண்டு. கையில் காசு இல்லாத அந்த நேரத்தில் பெரிய பழுது வந்தால், குடும்பங்கள் வட்டிக்கு வாங்கும் நிலைக்குத் தள்ளப்படுகின்றன. டிசம்பருக்குள் தண்ணீர், எண்ணெய், பேட்டரி, டயர் ஆகியவற்றைச் சரிபார்த்து முடித்துவிட்டால், அந்தச் சுமையில் ஒரு பகுதியாவது குறையும்.

இதற்கெல்லாம் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் துணை செய்யும். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவான வெள்ளி என்று நான்கு கட்டம் போடுங்கள். தந்தையோ தாயோ சொல்ல, பிள்ளை எழுதட்டும். எண்ணெய் எப்போது மாற்றினோம் என்று தேடவோ, பட்டறையில் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பவோ வேண்டியிருக்காது. வண்டியை விற்கும்போது அந்த நோட்டைக் காட்டினால் வாங்குகிறவருக்கும் நம்பிக்கை வரும்.

பெண்பிள்ளைகளையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று கூலிம் தொழிற்சாலைகளுக்கு இரவு வேலைக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்களில் பெண்கள் பலர். பாதி வழியில் டயர் காற்றுப் போனால், அதை மாற்றத் தெரிந்தவர் யாருக்காகவும் இருட்டில் காத்து நிற்க வேண்டியதில்லை. இதில் ஆர்வம் காட்டும் பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும், "கையெல்லாம் அழுக்கு" என்று விரட்டாதீர்கள். முறையாகப் பயின்று மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றால் அதுவே வாழ்க்கைத் தொழிலாகலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், காப்பி குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்ததும் காரின் மூடியைத் திறந்து வையுங்கள். தண்ணீர், எண்ணெய், பேட்டரி, டயர், விளக்கு என்று ஐந்து பெயர்களையும் கூப்பிடுங்கள். யாராவது வரவில்லை என்றால் அன்றைக்கே கவனித்துவிடுங்கள்.